மாணவர் த்ரில்லர் குறும்படம்: டார்கெட் ஆடியன்ஸ் "18-35" என்று எழுதினேன், கைடு சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்

வைகைக்கரை விஸ்காம் | திங்கள், இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடம் படிக்கிறேன். ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு 14 நிமிஷத்தில் ஒரு த்ரில்லர் எடுத்திருக்கிறோம். ஷூட்டிங் முடிந்து ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) தயார். படத்தோடு ரெக்கார்டு நோட்டும் வைக்க வேண்டும், அதில் டார்கெட் ஆடியன்ஸ் யார், அவர்களை எப்படி வரவைப்பாய் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "18 முதல் 35 வயது வரையுள்ள த்ரில்லர் ரசிகர்கள், இன்ஸ்டா, யூடியூப் வழியாக" என்று எழுதிக் கொடுத்தேன். கைடு அதை வட்டம் போட்டு, பக்கத்தில் "இது ஊரே ஆச்சேப்பா" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார்.

கதை இதுதான். கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. இரவு ஒன்பதரை. கடைப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான். ஒரு பெரியவர் குனிந்து உள்ளே வந்து ஆதார் கார்டை நீட்டி, முன்னும் பின்னும் ஒரே தாளில் எடுக்கச் சொல்கிறார். பையன் கார்டைக் கண்ணாடியில் கவிழ்த்து பட்டனை அழுத்துகிறான். வெளியே வரும் நகலில் இருக்கும் முகம் அவனுடையது. பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் வேறு யாருடையதோ. அவன் நிமிர்வதற்குள் பெரியவர், "ஐம்பது காப்பி போடு தம்பி" என்கிறார்.

மீதியைச் சொல்ல மாட்டேன். படத்தின் பெயர் "கருநிழல்". போஸ்டரில் ஹூடி போட்ட ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான், சிவப்பு எழுத்து. சப்மிஷனுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இதை யார் பார்ப்பார்கள்? எப்படி வரவைப்பது?

நேர்மையா சொல்றேன் | திங்கள், இரவு 11:52

தம்பி, முதலில் படத்தை நன்றாக எடு. நல்ல படத்துக்கு ஆடியன்ஸ் தானாக வருவார்கள். டார்கெட், ஸ்ட்ராடஜி எல்லாம் எம்பிஏ படிக்கிறவர்கள் வேலை.

வெட்டுமேசை | செவ்வாய், காலை 7:05

தானாக யாரும் வரமாட்டார்கள் சார். பத்து வருஷமாக எடிட்டிங் செய்கிறேன். நல்ல குறும்படம் இருநூறு வியூஸில் உட்கார்ந்திருப்பதை நிறையப் பார்த்தாகிவிட்டது, அதில் பாதி நடிகர்களின் சொந்தக்காரர்கள்.

வைகைக்கரை, ஒரே ஒரு கேள்வி. அந்த ஆதார் நகல் வெளியே வரும் ஷாட் எத்தனையாவது நிமிஷத்தில் இருக்கிறது?

ஹாரோ தமிழன் | செவ்வாய், மதியம் 1:30

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் 2012இல் லண்டனில் ஏஎஸ் லெவல் மீடியா ஸ்டடீஸ் படித்தேன். ஓசிஆர் என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தில் கோர்ஸ்வொர்க் என்ன தெரியுமோ? ஒரு புதுப் படத்தின் தொடக்கக் காட்சி, டைட்டிலோடு, அதிகபட்சம் 2 நிமிஷம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் த்ரில்லர்தான் எடுத்தோம். காடு, கைவிட்ட வீடு, ஹூடி போட்ட ஆள். உங்கட போஸ்டரில் நிற்கிறவர் எங்கட வகுப்பிலும் நின்றவர்.

முடிவில் 7 கேள்விகளுக்குப் பதில் எழுத வேணும். அதில் ஒன்று "உன் படைப்பின் ஆடியன்ஸ் யார்", அடுத்தது "அவர்களை எப்படி ஈர்த்தாய்". எல்லாரும் ஒரே பதில்தான்: 15 முதல் 25 வயது ஆண்கள், பிரிட்டிஷ் தணிக்கை அமைப்பான பிபிஎஃப்சியின் சான்றிதழ் 15. ஒரு பெடியனின் படத்தைக் கூகுளில் எடுத்து ஒட்டி, "இவருக்கு வீடியோ கேம் பிடிக்கும், பீட்சா பிடிக்கும்" என்று எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்தப் பெடியன் என் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்து முடித்தது என் பெரியம்மா ஒருவர்தான்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தியரி கேட்டால் ஊடக ஆய்வாளர்கள் ப்ளம்லர், கேட்ஸ் இருவரையும் சொல்லுங்கோ. 1974இல் அவர்கள் தொகுத்த புத்தகத்தோடுதான் "யூசஸ் அண்ட் கிராடிஃபிகேஷன்ஸ்" என்ற கோட்பாடு பரவலானது. ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, மக்கள் ஊடகத்தை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பது. உங்கட கைடு சிவப்பு மையில் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

வைகைக்கரை விஸ்காம் | செவ்வாய், மாலை 6:10

வெட்டுமேசை அண்ணா, ஒன்பதாவது நிமிஷத்தில். அதுதானே ட்விஸ்ட்? அதற்கு முன்னால் பையனின் வாழ்க்கை, கடை ஓனரோடு சண்டை, ஒரு லவ் டிராக், மழை மாண்டாஜ்.

வெட்டுமேசை | செவ்வாய், இரவு 9:45

அது ட்விஸ்ட் இல்லை தம்பி. அழைப்பிதழ்.

நீ இங்கே நாலு வரியில் கதை சொன்னாய். எனக்கு முதுகு நிமிர்ந்தது அந்த நகலில்தான். அதுவரைக்கும் அது எவனோ ஒரு கடைப் பையன் கதை. அதை ஒன்பதாவது நிமிஷத்தில் ஒளித்துவைத்தால் யாருக்காக ஒளிக்கிறாய்? யூடியூபில் முதல் அரை நிமிஷத்திலேயே கூட்டத்தில் நிறையப் பேர் இறங்கிவிடுவார்கள். யூடியூப் ஸ்டுடியோவில் ரிடென்ஷன் கோடு என்று ஒன்று காட்டும், எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் என்று, முதல் முறை பார்த்தால் வயிற்றைக் கலக்கும், மலையிலிருந்து உருண்டு விழுகிற மாதிரி இருக்கும். மழை மாண்டாஜை நீ எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் அதைப் பார்க்க அங்கே ஆள் இருக்காது.

ட்விஸ்ட் என்பது படத்தைப் பார்த்தவனுக்குக் கொடுப்பது. பார்க்காதவனை உள்ளே கூப்பிட வேறொன்று வேண்டும். தன் முகம், வேறொருவன் பெயர்: அதை போஸ்டரில் போடு, முதல் நிமிஷத்தில் போடு, தாராளமாகச் செலவு பண்ணு. ஐம்பது காப்பி எதற்கு என்பதை மட்டும் பூட்டி வை. இப்படி மாற்றினாலே உன் ஆடியன்ஸ் யார் என்பது பாதி தெரிந்துவிடும்.

ஆபரேட்டர் | புதன், காலை 5:40

தம்பிக்கு வணக்கம். நான் மதுரையில் ஒரு தியேட்டரில் முப்பது வருடம் புரொஜெக்டர் ஓட்டியவன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் உள்ளே போனேன். பேரன் இந்த இழையைக் காட்டினான்.

எங்கள் காலத்தில் ஆடியன்ஸ் என்றால் வயதில்லை. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று விநியோகஸ்தர்கள் பிரிப்பார்கள். அதுகூட ஊர்க் கணக்குதான். கேபின் ஆளுக்கு வேறு கணக்கு. கேபினில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஓட்டை இருக்கும். புதுப் பையன்கள் அதன் வழியாகத் திரையைப் பார்ப்பார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர், "திரையைப் பார்க்காதே, தலைகளைப் பார்" என்பார். படம் பிடித்துக்கொண்டால் தலைகள் அசையாது. பிடி விட்டால் முதலில் ஒரு தலை பக்கத்துத் தலையோடு பேசும். அப்புறம் பின்பெஞ்சில் தீக்குச்சி உரசும். அதற்கப்புறம் பக்கக் கதவுத் திரை விலகி வெளிச்சம் விழும். அதே இடத்தில், அதே ரீலில், நாலு காட்சியிலும் வெளிச்சம் விழுந்தால் அங்கே படத்தில் ஓட்டை என்று அர்த்தம். எந்த டைரக்டரும் வந்து எங்களைக் கேட்டதில்லை, அது வேறு கதை.

உங்கள் படத்தையும் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் அவர்களுக்கு எதிரே, திரைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள். நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள், டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

இன்னொன்று. 1954இல் ஏவிஎம் எடுத்த "அந்த நாள்" படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. சிவாஜி நடித்தும் முதல் தடவை வசூல் இல்லை. இன்றைக்கு அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். என் கணக்கில் படத்தின் மேல் தப்பில்லை. பாட்டுக்கு வந்தவனுக்குக் கொலை விசாரணையைக் காட்டினார்கள். கொலை விசாரணைக்கு வரக்கூடியவனுக்கு இப்படி ஒரு படம் ஓடுவதே தெரிந்திருக்காது.

மழைநாள் | புதன், காலை 10:15

ஆபரேட்டர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அந்த ஓட்டையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

த்ரில்லர் என்றதும் எல்லோரும் காலேஜ் பையன்களையே நினைக்கிறீர்கள். என் அம்மாவுக்கு 54 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் பாக்கெட் க்ரைம் நாவல்களை வாங்கிப் படித்தவர். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது, அட்டையில்லாமல். சித்திகள், பக்கத்து வீட்டு டீச்சர் எல்லோரும் அதை மாற்றி மாற்றிப் படிப்பார்கள். கொலையாளி யார் என்று கடைசிப் பக்கத்தில் யாரோ பேனாவால் எழுதிவைத்து, அதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. இன்று அம்மா அதே ருசியை யூடியூபில் தேடுகிறார். காலையில் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு க்ரைம் கதை ஓடவிட்டு காய் நறுக்குவார். 18-35 என்று எழுதியதும் என் அம்மாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

ஆனால் ஒரு விஷயம், அவர் பாதி நேரம் பார்ப்பதில்லை, கேட்கிறார். உங்கள் படம் முதல் இரண்டு நிமிஷம் வசனமே இல்லாமல் பியானோ மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால், "என்னடி இது, ஒன்னும் பேசக் காணோம்" என்று அடுத்ததைத் தட்டிவிடுவார். ஜெராக்ஸ் மெஷின் சத்தம், ஷட்டர் சத்தம், "முன்னும் பின்னும்" என்கிற அந்தப் பெரியவர் குரல் எல்லாம் முதலிலேயே காதில் விழ வேண்டும்.

அப்புறம் "கருநிழல்" என்ற பெயரில் கதையே இல்லை. நீங்கள் எழுதியதிலேயே பெயர் இருக்கிறதே. ஜெராக்ஸ் கடையில் எல்லோரும் சொல்வதுதான்: "முன்னும் பின்னும்".

பரமபத ஏணி | புதன், மதியம் 3:00

செம டைட்டில். ஆடியன்ஸ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம் ப்ரோ, ஈர்ப்பதற்கு ஒரு ஐடியா. ஹீரோ ஃபோட்டோவைப் போட்டு வேறு பெயரோடு "காணவில்லை" போஸ்டர் அடித்து மாட்டுத்தாவணி, பெரியார் பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஒட்டுங்கள். 1999இல் பிளேர் விட்ச் படத்துக்கு இதைத்தான் செய்தார்கள். நடிகர்களைக் காணோம் என்று சன்டான்ஸ் திரைப்பட விழாவிலேயே நோட்டீஸ் கொடுத்து, தனியாக வெப்சைட்டும் வைத்து உலகத்தையே நம்பவைத்தார்கள். எடுத்தவர்கள் ஃபுளோரிடாவில் ஃபிலிம் படித்து வந்த பையன்கள்தான். உலகம் முழுக்க 24 கோடி டாலருக்கு மேல் வசூல். மதுரைக்காரன் போஸ்டர் ஒட்டக் கூச்சப்படலாமா?

இசேவை மேசை | புதன், மாலை 4:20

வேண்டாம் தம்பி. தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959 முதலே சட்டம் இருக்கிறது. அது ஒருபுறம். மாட்டுத்தாவணித் தூணில் நிஜமாகவே மகனைத் தேடுகிறவர்கள் ஒட்டிய போஸ்டர்கள் இருக்கும், மழையில் ஊறிப்போய், கீழே போன் நம்பரோடு. அதன்மேல் உங்கள் பொய்யை ஒட்டாதீர்கள்.

நான் ஒரு இசேவை மையத்தில் உட்காருகிறேன். இந்தக் கதைக்கு யார் வருவார்கள் என்று என் மேசைக்கு முன்னால் நின்றாலே தெரிந்துவிடும். சிம் வாங்க நகல், லாட்ஜில் தங்க நகல், வாடகை வீட்டுக்கு நகல், உரக்கடையில் நகல். கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது சிலர் திரும்பி வந்து, "சார், இதை யாரும் ஒன்னும் பண்ணிட மாட்டாங்களே?" என்பார்கள். அந்தத் திரும்பி வருகிறவர்தான் உங்கள் ஆடியன்ஸ். அவருக்கு இருபது வயதும் இருக்கும், அறுபது வயதும் இருக்கும்.

2022 மே மாதம் நடந்தது நினைவிருக்கிறதா? ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் மேசையில் கூட்டம் தாங்கவில்லை. பயம் ஏற்கெனவே எல்லோர் வீட்டிலும் இருந்தது, ஒரு தாள் அதைக் கிளப்பிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் காட்டும் கார்டில் கற்பனை எண் என்று நினைத்து ஏதோ 12 இலக்கத்தைப் போட்டிருந்தால், அது யாரோ ஒருவருடையதாக இருந்துவிடலாம். ஆதார் எண் 0 அல்லது 1இல் தொடங்காது. அதனால் 0இல் தொடங்குகிற எண்ணாக மாற்றிவிடுங்கள்.

வைகைக்கரை விஸ்காம் | புதன், இரவு 10:30

சார், பெரிய உதவி. எங்கள் கார்டில் 4இல் தொடங்கும் எண்தான் இருந்தது! நல்லவேளை க்ளோசப் இரண்டே ஷாட். ஒன்றை மறுபடி எடுக்கிறோம், இன்னொன்றில் எண்ணின் மேல் விரல் வருகிற மாதிரி எடுத்த டேக் இருக்கிறது.

"காணவில்லை" போஸ்டர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆர்ட் டைரக்டருக்குக் கொஞ்சம் வருத்தம், டிசைன் செய்தே வைத்திருந்தாள்.

நாளைக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் பழைய கட்டையே போட்டுக் காட்டப்போகிறேன். எதிரே உட்காரப்போகிறேன்.

வெட்டுமேசை | புதன், இரவு 11:00

கையில் ஒரு தாளும் ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொள். யார் எப்போது போனைத் தொட்டார்கள் என்பதை மட்டும் குறி. வேறெதுவும் வேண்டாம்.

வைகைக்கரை விஸ்காம் | வெள்ளி, அதிகாலை 1:15

தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மொத்தம் 11 பேர். மெஸ் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி புரொஜெக்டர் போட்டோம், பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். நான் வேட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர்களைப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் நிமிஷம் எல்லோரும் பார்த்தார்கள், சரி. 2:10இல் முதல் போன் வெளியே வந்தது. 3:30இல் நாலு போன். முகத்தில் நீல வெளிச்சம் விழுந்தால் இருட்டில் நன்றாகத் தெரிகிறது. லவ் டிராக்கில் ஒருவன் சிரித்தான், அது சிரிக்கிற இடம் இல்லை. 5 நிமிஷம் தாண்டியதும் என் நண்பனே, படத்தில் டீக்கடைக்காரனாக நடித்தவனே, ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த ஸ்டூலிலிருந்து எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

9:05. நகல் மெஷினிலிருந்து மெதுவாக வெளியே வருகிறது. யாரும் திரையைப் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு பெண், ஜூனியர், தலையைத் தூக்கினாள். "ஏய், அது அவன் மூஞ்சிடி" என்றாள். வரிசையாக நீல வெளிச்சம் எல்லாம் அணைந்தது. அதற்குப் பிறகு கடைசிவரை ஒரு தலையும் அசையவில்லை, ஐயா.

முடிந்ததும் ஒருவரும் நடிப்பைப் பற்றியோ கேமராவைப் பற்றியோ பேசவில்லை. "நான் பிஜி ஹாஸ்டல்ல சேரும்போது அஞ்சு காப்பி கொடுத்தேன்", "என்னோடது ட்ராவல்ஸ்காரன்கிட்ட இருக்கு" என்று அவரவர் நகல் எங்கெங்கே கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவிய அக்காவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குழு லோனுக்கு எத்தனை நகல் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாதுப்பா என்றார். அவருக்குத் த்ரில்லர் பிடிக்குமா என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

இசேவை மேசை | வெள்ளி, காலை 9:00

அந்த அக்காதான் என் மேசையில் திரும்பி வருகிறவர்.

ஹாரோ தமிழன் | வெள்ளி, மதியம் 2:00

ரெக்கார்டில் இதை அப்படியே எழுதுங்கோ. பீட்சா பிடிக்கிற பெடியனை விடப் பாத்திரம் கழுவிய அந்த அக்கா ஆயிரம் மடங்கு மேல்.

நேர்மையா சொல்றேன் | வெள்ளி, மாலை 5:30

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நகல் கொடுத்து பயப்படுகிறவர் என்றால் அதுவும் ஊரேதானே? கைடு மறுபடி வட்டம் போட மாட்டாரா?

வெட்டுமேசை | வெள்ளி, இரவு 8:20

நியாயமான கேள்வி. பயம் ஊருக்கே இருக்கலாம், எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட முடியாது. முதலில் யாரைக் கூப்பிடுகிறோம், எங்கே நின்று கூப்பிடுகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். 2009இல் பாராநார்மல் ஆக்டிவிட்டி என்ற அமெரிக்கத் திகில் படம் வெளியானபோது எடுத்தவுடன் எல்லா ஊரிலும் போடவில்லை. சுமார் 15 ஆயிரம் டாலரில் வீட்டுக்குள் எடுத்த படம் அது. முதலில் 13 கல்லூரி ஊர்களில் மட்டும் நள்ளிரவுக் காட்சி. டிரெய்லரில் படத்தைக் காட்டியதைவிட, இருட்டில் உட்கார்ந்து அலறுகிறவர்களின் முகத்தை அதிகம் காட்டினார்கள். உங்கள் ஊருக்கு வேண்டுமா, கேளுங்கள் என்று வெப்சைட்டில் பட்டன் வைத்தார்கள், 10 லட்சம் பேர் கேட்ட பிறகு நாடு முழுக்க விட்டார்கள். இந்த மாதிரிப் படத்தை நள்ளிரவில் கூட்டாளிகளோடு பார்க்கிறவன் கல்லூரி ஊரில்தான் இருப்பான் என்று தெரிந்து போனார்கள்.

உனக்கு அந்த இடம் எது? ஜெராக்ஸ் கடை வரிசை. செமஸ்டர் முடிவில் ப்ராஜெக்ட் பைண்டிங் போட நூறு பேர் நிற்கிறார்கள், கையில் போன், சும்மா நிற்கிறார்கள். போஸ்டரை வழவழ தாளில் அடிக்காதே. ஏ4இல் கருப்பு வெள்ளை ஜெராக்ஸாகவே போடு. மேலே முன்பக்கம், கீழே பின்பக்கம், அந்த முகம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் பெயர், எண் இருக்க வேண்டிய இடத்தில் க்யூஆர். அரசுச் சின்னம் எதுவும் வேண்டாம், இது படம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு உள்சுவரில் ஒட்டு. செலவு ஒரு தாளுக்கு இரண்டு ரூபாய்.

தம்ப்நெயிலும் அதே நகல்தான். ஸ்டுடியோவில் ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை போட்டு எது ஜெயிக்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது. ஹூடி ஆசாமியையும் ஒன்றாகப் போடு, ஆசைக்கு. க்ளிக் விகிதம், அதாவது தம்ப்நெயில் காட்டப்பட்டதில் எத்தனை முறை தட்டினார்கள் என்பது, 4 சதவீதம் என்று காட்டினால் அழாதே. பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2க்கும் 10க்கும் நடுவில்தான் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. வாட்ஸப்பில் லிங்க்கைத் தட்டி வருகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள், அவர்களை டிராஃபிக் சோர்ஸில் (எங்கிருந்து வந்தார்கள் என்ற பட்டியலில்) எக்ஸ்டர்னல் என்ற இடத்தில் பார்.

விழாவுக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துக்கொள். இணையத்தில் ஏற்கெனவே வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை.

மழைநாள் | சனி, காலை 8:40

டீசருக்கு ஒன்று தோன்றியது. நேற்று சாயங்காலம் அம்மா பஜ்ஜி வாங்கி வந்தார். மடித்துக் கொடுத்திருந்த தாள் யாரோ ஒருவருடைய அடையாள அட்டை நகல். சரியாக விழாத நகலைக் கடைக்காரர்கள் பெட்டியில் போட்டு, அது எடைக்குப் போய், பஜ்ஜிக் கடைக்கு வந்திருக்கிறது. எண்ணெய் ஊற ஊற முகம் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்து முகத்தின்மேல் தெரிந்தது. அம்மாவும் நானும் பஜ்ஜியைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருபது நொடி. ஒரே ஷாட். ஸ்டேட்டஸில் வைக்க வசதியாக நிமிர்ந்த ஃப்ரேம். ஒரு கை பஜ்ஜியை எடுக்கிறது, தாளில் எண்ணெய் பரவுகிறது, முகம் தெளிகிறது. பின்னணியில் ஜெராக்ஸ் மெஷின் சத்தம் மட்டும், கடைசியில் "ஐம்பது காப்பி போடு தம்பி".

பரமபத ஏணி | சனி, காலை 8:55

அக்கா, இனிமேல் நான் பஜ்ஜி எப்படிச் சாப்பிடுவது?

வைகைக்கரை விஸ்காம் | அடுத்த வியாழன், இரவு 9:10

நீண்ட நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். புதுக் கட் 10 நிமிஷம் 40 நொடி. நகல் இப்போது 0:50இல் வருகிறது. லவ் டிராக் முழுக்கப் போய்விட்டது, ஹீரோயினாக நடித்தவள் என்னோடு பேசுவதில்லை. மழையில் 6 நொடி மட்டும் வைத்திருக்கிறேன், அது போனால் நான் அழுதுவிடுவேன். பெயர் "முன்னும் பின்னும்".

பஜ்ஜி டீசர் எடுத்தோம். சரியான எண்ணெய்க்கு 14 பஜ்ஜி ஆனது. முதல் டேக்குகளில் தாள் சீக்கிரம் ஊறவில்லை, கடைக்கார அண்ணனே "சூடா இருக்கும்போது வைப்பா" என்று வழி சொன்னார். புதன் இரவு எங்கள் 8 பேரின் ஸ்டேட்டஸில் மட்டும் வைத்தோம். காலையில் "முழுப் படம் எப்போ" என்று கேட்டவர்களில் என் அத்தையும், எங்கள் தெரு கேஸ் சிலிண்டர் போடும் அண்ணனும் இருந்தார்கள். த்ரில்லர் ரசிகர்கள் குழுவில் போட்டதற்கு ஒரே ஒரு லைக், அது நேர்மையா சொல்றேன் சார் என்று சந்தேகப்படுகிறேன்.

புதுக் கட்டை நாங்கள் ஷூட் செய்த ஜெராக்ஸ் கடையிலேயே, ஓனருக்கும் வரிசையில் நின்ற 6 பேருக்கும் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். மறுபடி எதிரே நின்றேன். ஒரே ஒரு போன்தான் வெளியே வந்தது, அதுவும் அழைப்பு வந்ததால். முடிந்ததும் ஓனர் ஒன்றும் சொல்லாமல் கல்லாவுக்குக் கீழே குனிந்து, சரியாக விழாத நகல்கள் கிடந்த அட்டைப் பெட்டியை இழுத்தார். நாலைந்தாகச் சேர்த்துக் குறுக்காகக் கிழிக்க ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்களும் கொஞ்சம் வாங்கிக் கிழித்தார்கள். அப்புறம்தான் என்னைப் பார்த்து, "போஸ்டரை மெஷினுக்கு மேலே ஒட்டு, அங்கதான் எல்லாரும் பார்ப்பாங்க" என்றார்.

ரெக்கார்டில் டார்கெட் ஆடியன்ஸ் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். கைடு படித்துவிட்டு வட்டம் போடவில்லை. "உன் நகல் எங்கெல்லாம் இருக்கு?" என்று என்னைக் கேட்டார். எண்ணிச் சொல்ல முடியவில்லை.

ப்ரைவேட் லிங்க்கை இங்கே உதவியவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆபரேட்டர் | வெள்ளி, காலை 5:30

பேரன் போனில் போட்டுக் காட்டினான். வீட்டில் நாலு பேர் பார்த்தோம். நான் பழக்கதோஷத்தில் அவர்களைத்தான் பார்த்தேன். ஏழாவது நிமிஷத்தில் மருமகள் குக்கரை அணைக்க எழுந்து போனாள், நின்றபடியே எட்டிப் பார்த்தாள், அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மழை 6 நொடி இருக்கட்டும். ஷட்டர் சத்தம்தான் கொஞ்சம் அதிகம், குறைத்துவிடுங்கள் தம்பி, பக்கத்து வீட்டில் எழுந்துவிட்டார்கள்.